பாதியில் நின்ற படிப்புக்குத் திரும்புதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 21. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டேன். நிறுத்துவதற்கு முந்தைய வாரங்களில், வகுப்புக்குப் போய்வந்த நாள்களில் எனக்குப் பேச்சே வராது. விளக்கின் ரீங்காரம் வீட்டுக்கு வந்த பிறகும் காதை விட்டுப் போகாது. குளிக்கவும் சாப்பிடவும்கூட யாராவது நினைவூட்ட வேண்டியிருந்தது. முதலில் சோம்பல் என்றார்கள், பிறகு மனச்சோர்வு என்றார்கள். படிப்பை நிறுத்திய பிறகுதான் எனக்கு ஆட்டிசம் இருப்பது மருத்துவப் பரிசோதனையில் உறுதியானது. ஓர் ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டேன். இப்போது மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுக்க முடிகிறது. வரும் பருவத்தில் ஒன்றிரண்டு பாடங்களோடு தொடங்கலாம் என்று துறைத் தலைவர் சொல்கிறார். நான் தயாராகிவிட்டேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எங்கிருந்து தொடங்குவது? யாரிடம், எவ்வளவு சொல்வது? உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கும் நேரத்தில் நான் இரண்டு பாடத்தோடு நிற்க வேண்டுமே என்ற தயக்கமும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் நிலைக்கு ஒரு பெயர் உண்டு: ஆட்டிசச் சோர்வு, ஆங்கிலத்தில் autistic burnout. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களுக்குள் நெடுங்காலமாகப் பேசிவந்த அந்தச் சோர்வை, டோரா ரேமேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் வரையறுத்தார்கள். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் களைப்பு, முன்பு இயல்பாகச் செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போவது, ஒலியையும் ஒளியையும் தாங்கும் ஆற்றல் குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். தாங்கக்கூடியதைவிட அதிகமான சுமை நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதும், அதை இறக்கிவைக்க வழி கிடைக்காமல் போவதும் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். மனச்சோர்வும் இதனுடன் சேர்ந்து வரலாம் என்பதால், அதற்கான மருத்துவ ஆலோசனையை நீங்கள் கைவிட வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதி, 'வெளியே போனால் சரியாகிவிடும், நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும்' என்று தரப்படும் அறிவுரை உங்களுக்குப் பாரத்தைக் கூட்டவே செய்யும்.

(இன்னொன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடிதத்தில் 'ஆட்டிசம்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லை நானும் பயன்படுத்துவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த எவரும் அதை எழுதியவரின் மதி இறுகிக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.)

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் 'படிப்படியாக' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். ஓய்வு எடுத்தாயிற்று, இனிப் பழையபடி போகலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே மறுபடியும் விழுகிறார்கள். ஏனென்றால் அந்தப் 'பழையபடி'யில் பாதி, மற்றவர்களைப் போலத் தெரிவதற்காக நீங்கள் செலவழித்த உழைப்பு. கண்ணைப் பார்த்துப் பேசுவது, காது வலித்தாலும் அமர்ந்திருப்பது, புரியாத நகைச்சுவைக்குச் சரியான நேரத்தில் சிரிப்பது, அறை மாறிவிட்ட செய்தி கடைசி நிமிடத்தில் வரும்போது நெஞ்சு படபடப்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது என்று அந்தக் கணக்கு நீளும். மதிப்பெண் பட்டியலில் அந்த உழைப்புக்கு இடமில்லை. ஓராண்டு ஓய்வு உங்களை மீட்டிருக்கலாம், ஆனால் வகுப்பறை அப்படியேதான் இருக்கிறது. எனவே எத்தனை பாடம் என்று பேசுவதற்கு முன்பே, எதையெல்லாம் மாற்றித் தருவார்கள் என்று பேசுங்கள். இது இரந்து பெறும் சலுகையும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பு, உயர்கல்வியிலும் நியாயமான தகவமைப்பு, அதாவது அவரவர் தேவைக்கேற்பச் செய்துதரும் மாற்றம், கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தகைய தகவமைப்பை மறுப்பதும் பாகுபாடே என்று அதன் 2ஆம் உறுப்பு சொல்கிறது.

தயாராகிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். வகுப்பில் அமர்ந்திருக்க முடிகிறதா என்பதை வைத்து அதை அளக்காதீர்கள். நான் அறிந்த ஒரு மாணவர் திரும்பிவந்த முதல் நான்கு வாரமும் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். ஐந்தாம் வாரம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. பிறகு விசாரித்தபோது, அந்த நான்கு வாரமும் வகுப்பில்லாத நாள்களில் திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்தே கிடந்திருக்கிறார் என்று தெரிந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்த நாங்கள் அந்த நாள்களைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் மறுநாளைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஆகவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அன்று என்ன செய்தீர்கள் என்பதையும், வலப்பக்கம் மறுநாள் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். 'எப்படி இருந்தது' என்றால் உணர்ச்சியைத் தேடி எழுத வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தங்கள் உள்ளே நடப்பதைச் சொல்லால் பிடிப்பது கடினம். பசியும் களைப்பும்கூடத் தாமதமாகத்தான் தெரியவரும். அதனால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை வேளை சாப்பிட்டேன், உடை மாற்றினேனா, வந்த செய்திகளுக்குப் பதில் போட்டேனா, விளக்கைப் போட முடிந்ததா. தொடர்ந்து இரண்டு வாரம் வலப்பக்கம் வீட்டில் இருக்கும் சாதாரண நாளைப் போலவே இருந்தால் ஒரு படி ஏறலாம். இல்லையென்றால் அதே படியிலேயே நில்லுங்கள், அல்லது ஒரு படி இறங்குங்கள். இரண்டு வாரம் என்பது நான் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்குதான், விதி அன்று. உங்களுக்கு மூன்று வாரம் தேவைப்படலாம்.

ஒரு படி என்பது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் என்பது ஒரே வேலை அன்று. பயணம், கூட்டம், காதால் கேட்டுப் புரிந்துகொள்வது, எழுதுவது, பிறரோடு பேசுவது, எதிர்பாராத மாற்றத்தைச் சமாளிப்பது என ஆறேழு வேலைகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றை மட்டும் புதிதாகச் சேருங்கள். பருவம் தொடங்குவதற்கு முன்பே, வகுப்பு இல்லாத ஒரு நாளில் வளாகத்துக்குப் போய் அறையைக் கண்டுபிடியுங்கள். எந்த இருக்கை, எந்தக் கதவு, எந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது, சத்தமில்லாமல் பத்து நிமிடம் உட்கார எங்கே இடம் இருக்கிறது என்பதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை, வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் வெளியே நின்றுவிட்டுத் திரும்புங்கள். அதற்கடுத்து, ஒரே ஒரு வகுப்பில், பாதியில் எழுந்து போகலாம் என்ற அனுமதியோடு அமருங்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அடிபட்ட முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை.

எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் என் கருத்து பலருடைய கருத்துக்கு மாறானது. எளிதான பாடத்தோடு தொடங்கச் சொல்வார்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பாடத்தோடு தொடங்குங்கள், அது கடினமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல திசைகளில் மெல்லியதாகப் பரவாமல் ஒரு சிலவற்றில் ஆழமாகப் பாய்கிறது என்று ஆய்வாளர் டைனா மரேயும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல் எழுதினார்கள். அந்த ஆழத்தில் இருக்கும்போது சிலருக்குச் சுற்றுப்புறச் சத்தம்கூடச் சற்றே தள்ளிப்போகிறது. எளிது என்பதற்காக எடுத்த, ஆர்வமில்லாத பாடத்தில் ஒவ்வொரு நிமிடமும் தன்னைத் தானே இழுத்துப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கும். இரண்டு பாடம் எடுப்பதாக இருந்தால் இரண்டும் ஒரே நாளில் வராமலும், இரண்டிலும் குழுப்பணி இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப்பெற வேண்டிய ஏற்பாடுகள் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் கதவருகே நிலையான இருக்கை, கேட்காமலே வெளியேறித் திரும்பும் அனுமதி, காதடைப்பானோ ஹெட்போனோ அணியும் உரிமை, பாடக்குறிப்புகள் முதல் நாளே கைக்கு வருவது, வேலைகளை வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்திலும் தருவது, தேர்வுக்குத் தனி அறை ஆகியவை உடனே தேவை என்று தோன்றுகிறது. இவற்றோடு பலரும் முதலில் தருவது காலநீட்டிப்பு. அதை மட்டும் எச்சரிக்கையோடு வாங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் தள்ளிக்கொடுப்பது உதவி. மூன்று கட்டுரைக்கும் தள்ளிக்கொடுத்தால் மூன்றும் பருவக் கடைசியில் தேர்வோடு ஒன்றாக வந்து மோதும். அந்த நிலை வரும்போல் தெரிந்தால் காலநீட்டிப்பைவிட ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, ஒரே ஒரு தொடர்பாளர். மாணவர் நலப் பிரிவில் உள்ளவரோ, துறையில் உள்ள ஒருவரோ, வாரந்தோறும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் உங்களைச் சந்திக்க வேண்டும். சிக்கல் எதுவும் இல்லாத வாரத்திலும் சந்திக்க வேண்டும். 'ஏதாவது கஷ்டம் என்றால் வந்து சொல்' என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் கஷ்டம் வரும் நேரத்தில்தான் உங்களுக்குப் பேச்சு நின்றுபோகிறது என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். அந்த நேரத்துக்கென்று சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: 'இப்போது என்னால் பேச முடியவில்லை. எனக்கு ஆபத்து எதுவும் இல்லை. அமைதியான இடத்தில் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். தயவுசெய்து கேள்வி கேட்காதீர்கள்.'

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. மருத்துவச் சான்றைத் தொடர்பாளர் ஒருவரிடம் மட்டும் காட்டினால் போதும். பாடம் நடத்துகிறவர்களுக்குத் தேவை எது என்பதை மட்டும் அவர் வழியாகத் தெரிவிக்கலாம். 'எனக்கு ஆட்டிசம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தாம் எங்கோ பார்த்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வார்கள். உங்களைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. பின்வருவது போல எழுதினால் குழப்பம் இல்லை: 'ஒரே நேரத்தில் பலர் பேசும்போது சொற்களைப் பிரித்துக் கேட்க எனக்கு இயலாது. அதனால் குழு விவாதத்தில் என் கருத்தை எழுதித் தர அனுமதிக்க வேண்டுகிறேன். சில சமயம் வகுப்பின் நடுவில் எழுந்து போவேன். அது பாடத்தின் மேலுள்ள சலிப்பால் அன்று, திரும்பி வருவேன்.' உடன் படிப்பவர்களிடம் சொல்வதற்கு அவசரமே இல்லை.

சேர்க்கைக்குக் கையெழுத்திடும் முன் அலுவலகத்தில் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். குறைந்த பாடங்கள் எடுத்தால் உதவித்தொகையோ விடுதி இடமோ கல்விக்கடன் நிபந்தனையோ பாதிக்கப்படுமா, பட்டத்தை முடிக்க உச்ச வரம்பு எத்தனை ஆண்டு, இடைப்பட்ட காலத்தில் பாடத்திட்டம் மாறியிருந்தால் முன்பு தேறிய பாடங்கள் செல்லுமா, ஒரு பாடத்தைத் தோல்விக் குறிப்பு இல்லாமல் கைவிடக் கடைசி நாள் எது என்பவை அந்தக் கேள்விகள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் தேதியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்குப் பத்து நாள் முன்பு தொடர்பாளரோடு அமர்ந்து தொடரலாமா என்று முடிவெடுங்கள். தலை சுற்றும் நாளில் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

உடன் படித்தவர்கள் பட்டம் வாங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது வலிக்கும், வலிக்காது என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு பாடத்தோடு தொடங்கிப் பட்டத்தை முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எத்தனை ஆண்டு பிடித்தது என்று பின்னர் எவரும் கேட்டதாக அவர்கள் சொன்னதில்லை.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன் இடைவெளிக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், பேராசிரியர்களிடம் நானே பேசுகிறேன், வீட்டில் அவன் துணியைக்கூட நானே எடுத்து வைக்கிறேன். 'இப்படிச் செய்து அவனைக் கெடுக்கிறாய்' என்கிறார்கள் உறவினர்கள். எதை நிறுத்துவது?
– ஒரு தாய்

பதில்: துணி எடுத்து வைப்பதை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்த ஆற்றல்தான் இருக்கிறது. துணியையும் உணவையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் அந்த மிச்சம் படிப்புக்குப் போகிறது. அவர் காலூன்றிய பிறகு, விடுமுறைக் காலத்தில், அதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம். முதலில் விட வேண்டியது பேராசிரியர்களிடம் பேசுவதை. அதையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் மின்னஞ்சலை நீங்கள் எழுதி அவர் அனுப்பட்டும். பிறகு அவர் எழுதி நீங்கள் படித்துப் பார்க்கட்டும். பிறகு அனுப்பியதை அவர் உங்களிடம் சொன்னால் போதும். அவர் வயதுவந்தவர் என்பதால், எந்தச் செய்தியைப் பல்கலைக்கழகம் உங்களோடு பகிரலாம் என்பதை அவரே எழுதிக் கொடுப்பதும் நல்லது.

வாசலில் நுழைந்ததும் 'இன்று எப்படிப் போயிற்று?' என்று கேட்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் உடனே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அவரிடம் சொற்கள் மிச்சம் இருக்காது. இரண்டு மணி நேரம் கழித்து, முடிந்தால் செல்பேசிச் செய்தியாகவே, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். 'நேற்று முடிந்ததே, இன்று ஏன் முடியவில்லை?' என்பதும் வேண்டாம். பெரும்பாலும் நேற்று முடிந்ததனால்தான் இன்று முடியவில்லை.

கேள்வி: நான் விரிவுரையாளர். ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவருக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் தரச்சொல்லித் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தருவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் மற்ற மாணவர்களுக்கு இது அநீதி ஆகாதா? வகுப்பில் நான் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் தேர்வு எதை அளக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நூறு பேர் பேனா தட்டும் கூடத்தில் இரைச்சலைத் தாங்கும் திறனை அளப்பது உங்கள் நோக்கமாக இருந்தால் தனி அறை அநீதிதான். பாட அறிவை அளப்பது நோக்கம் என்றால், அந்த மாணவரின் தாளில் இதுவரை இரைச்சலுக்கும் சேர்த்து மதிப்பெண் குறைந்துவந்திருக்கிறது.

வகுப்பில் அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் கவனிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பார்க்காமல் இருந்தால்தான் சிலருக்குக் கேட்கவே முடிகிறது. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார் என்றால், பிறரும் அவரைப் புரிந்துகொள்ள அதே அளவு தடுமாறுகிறார்கள், புரியாமை இரு பக்கத்துக்கும் பொது என்பது அது. எனவே அவர் கேட்கும் கேள்வி குதர்க்கமாகத் தோன்றினாலும் அதை நேரான கேள்வியாகவே எடுத்து நேராகப் பதில் சொல்லுங்கள். 'விரிவாக எழுதுக' என்று கேள்வித்தாளில் இருந்தால் எத்தனை பக்கம் என்று கேட்பார். அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டும். முன்னறிவிப்பின்றிப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள். குழுப்பணி என்றால் குழுவை நீங்களே அமைத்து, யார் எந்தப் பகுதி என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால் கடைசியில் தனியாக நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.

வகுப்பறை மாறும் நாளில் கதவில் ஒட்டும் தாளோடு நிறுத்திவிடாமல், முதல் நாள் மாலையிலேயே வகுப்பு முழுவதற்கும் ஒரு குறுஞ்செய்தி போட்டுவிடுங்கள். அவருக்கென்று தனியாக அனுப்ப வேண்டிய தேவைகூட இருக்காது.